பனி குறைந்த ஆண்டு

பஹ்மன் மாதம் பன்னிரண்டாம் நாள். இன்று எனக்கு அறுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும்.

மதிப்பிற்குரிய ஈரஜுக்கு,

யஸ்து நகரத்துப் புழுதியில் உங்கள் இருமல் எப்படியிருக்கிறது?

டிஸின் மலையில் இவ்வாண்டு பனி கையளவுதான். நிறைந்த பனியில் எல்லோரும் வல்லவர்களே; குறைந்த பனியில்தான் பனிச்சறுக்குபவர் பாடம் கற்கிறார். கல் கீறிவிடும் என்பதால் புதுச் சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டக் கூடாது, மனத்திலுள்ள பழைய தடத்தை நம்பக் கூடாது. இவற்றை மாணவிகளுக்குப் போதிக்கும் நானே நேற்று பாறையில் மோதி விழுந்தேன். தோளில் சிராய்ப்பு, அவ்வளவே.

உடன் கற்பிக்கும் குல்நூஷ் பதறி வந்தாள். "ஏன் டீச்சரம்மா, இடப்பக்கம் பாறை ஒட்டகமாட்டம் உக்காந்திருக்கு, அது மேலயா ஏறுவீங்க?"

"பெரியவ வர்றாளேன்னு அதுதான் எந்திரிச்சு வழி விடல."

அவள் சிரித்தாள். என் பின்னால் ஆறு மாணவிகள் வந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை வேலையை விடுகிறேன்.

என்னை அழைத்துப்போக வாருங்கள். உங்கள் ஊர் இனிப்பு, ஏலக்காய் பக்லவா, கொண்டுவாருங்கள். தனியாகத் தேநீர் குடித்து அலுத்துவிட்டது. கீழே போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

ஐந்து பனிக்காலங்களாக என் இடக்கண்ணில் பார்வை இல்லை, ஈரஜ். பனி ஆழமாக இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை.

மஹ்லகா