கல் சத்திரத்தில் இரண்டு மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அவளுடைய புது முழங்காலும் நலம், மூவரில் முழங்கால்தான் அதிக நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நம் குடும்ப வரலாற்றில் ஒரு முக்கியமான முடிவு போன வாரம் எடுக்கப்பட்டது என்பதை உனக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். அம்மா கயிறு கட்டுகிற ஷூ வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவள் அவள், வழிமொழிந்தவளும் அவளே, அவைத்தலைவர் என்ற முறையில் நான் சோபாவில் இருந்தேன். உங்களுக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கோங்க என்றாள். ஆபீஸுக்குப் போட்ட கறுப்பு ஷூ இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கும்போது எதற்கு வீண் என்று மறுத்துவிட்டேன்.

ஷூ எதற்கு என்று கேட்பாய், எல்லாம் உன்னால்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலைக் கீழே இறக்கினோமே, அதிலிருந்து அம்மா ஹாலில்தான் படுக்கிறாள், கூரியர் கொண்டு வருகிறவர்கூட இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். போன மாதம் போனில் நீ என்ன சொன்னாய், மாடி ஏற முடியாத ஆளுக்கு மாடி வீடு எதுக்கும்மா, வித்துட்டு வந்துடுங்க, எங்க பக்கத்துல தரைத்தளத்துல ஒரு ஃப்ளாட் பாத்து வெச்சிருக்கேன், இல்லேன்னா மாடி ஏறிக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். அம்மா போனை வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், நம் வீட்டில் அது நல்ல அறிகுறி இல்லை. அப்புறம் ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, மாடி என்னங்க மாடி, மேல இருக்கற அந்தக் கல் சத்திரத்துக்கே ஏறிக் காட்டறேன், உங்க மக கிட்ட சொல்லுங்க என்றாள். கோபம் வந்தால் நீ என் மகள், அது உனக்கும் தெரியும். பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டோம். மெதுவா போங்க ஆன்ட்டி, இறங்கும்போது குச்சி வெச்சுக்கோங்க என்றவள் என்னைப் பார்த்து, அங்கிளுக்கு முடியுமா என்றும் கேட்டாள். அதற்கு நான் சிரித்தேன். எதிர்வீட்டு எச்சரிக்கை சார் கேட் வரைக்கும் வந்து அட்டை, கரடி, இடி மூன்றையும் வரிசையாக எச்சரித்துவிட்டுப் போனார்.

பாப்பா, அந்த மலையை எப்படிச் சொல்வது! வரைபட ஆபீஸில் என் சர்வீஸ் முழுக்க அதைக் கோடு கோடாக வரைந்திருக்கிறேன், அது இவ்வளவு செங்குத்து என்று ஒரு கோடும் என்னிடம் சொன்னதில்லை. விடிந்ததும் கிளம்பினோம். அம்மா ஆடு மாதிரி முன்னால் போகிறாள், நான் மேய்க்கிறவன் மாதிரி பின்னால், அப்படித்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நடந்தேன். நான் நின்றபோதெல்லாம் காட்சியை ரசிப்பதாகச் சொன்னேன், அந்த இடத்தில் புதர் மட்டும்தான் இருந்தது. கடைசி ஏற்றம் முடிந்ததும் சட்டென்று கல் சத்திரம் முன்னால் நிற்கிறது. அந்தக் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் தபால் சுமந்து போனவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது, யானை நுழைகிற அளவுக்கு வாசல், அவர்கள் மூட்டிய தீயின் கரி இன்னும் சுவரில் இருக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. வாசலில் ஒரு மணி. மூடுபனியில் ஆள் பத்திரமாக வந்துவிட்டதைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வைத்ததாம், இன்றைக்கும் அடிவாரத்தில் மீட்புக் குழு காது கொடுத்துக் கேட்கிறது. பக்கத்தில் பலகை: வந்து சேர்ந்தவர் ஒரு முறை மணி அடிக்கவும், ஆபத்து என்றால் இரண்டு முறை.

அம்மா கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. பிறகு பலகையை மறுபடியும் படித்தேன். சேர்ந்தவர்கள் என்று இருந்தால் அவள் அடித்ததே இருவருக்கும் போதும், சேர்ந்தவர் என்று இருப்பதால் தலைக்கு ஒன்று என்பதுதான் பொருள். சும்மா இருங்க, வேண்டாம் என்றாள் அம்மா. இலக்கணம் என் பக்கம் இருந்ததால் நானும் ஒரு முறை அடித்தேன். கள் இருப்பதால் கலவரம் வருவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கள் இல்லாததால் வந்தது இதுவே முதல் தடவை.

அது தெரியாமல் நாங்கள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்தோம். நாலு பக்கமும் ஜன்னல், நாலிலும் உலகம். ஒரு பக்கம் ரெண்டு ஏரி, ஒரு பக்கம் தீப்பெட்டி மாதிரி ரயில், மற்ற இரண்டிலும் மலைக்குப் பின்னால் மலை, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, எங்கள் ஆபீஸில் காகிதம் முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடும். அந்த ஃப்ளாட்டுல ஜன்னலத் திறந்தா என்னங்க தெரியும் என்றாள். கார் நிறுத்தற இடம் என்றேன். ரயில் பக்கம் திரும்பி, அதோ நம்ம வீடு என்று விரலை நீட்டினாள். எனக்கு எல்லாம் சாம்பல் புள்ளிகள், ஒன்றில் மட்டும் சிவப்பாகத் துளி. நம்ம போர்வைங்க, அடையாளத்துக்கு நேத்து மொட்டைமாடியில காயப்போட்டேன் என்றாள். மொட்டைமாடிக்கு யார் ஏறினது என்று கேட்டேன். டீ ஆறுது, குடிங்க என்றாள். நான் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.

ஃப்ளாஸ்க் காலியாகி வெயில் ஏறும்போது நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பேஷன்ட் யாருங்க என்று மூச்சு வாங்கக் கேட்டார்கள், அம்மா யோசிக்காமல் என்னைக் காட்டினாள். குழுத் தலைவரிடம் ஒருமை பன்மையை விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா நாங்க ஓடி வந்தோமே என்றார். அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. இருந்த ரொட்டியும் முட்டையும் அவர்களுக்குப் போயின. இறங்குகிற வழியில் என் கண்ணாடி ஷூ இடது பக்கம் வாயைப் பிளந்தது, கணுக்கால் மடங்கியது, காலியாகப் போக வேண்டிய ஸ்ட்ரெச்சர் காலியாகப் போகவில்லை. அம்மா குச்சியோடு முன்னால் நடந்து, பாத்து, அங்க கல்லு, தலைய இடிச்சுடாதீங்க என்று அவர்களை நடத்தினாள், நடுவில் கட்டில் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். கட்டில் என்னம்மா கனம் இருக்கும், சார் அளவு இருக்குமா என்று கேட்டார் தலைவர். தெருவில் எச்சரிக்கை சார் நின்றிருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல அவருக்குப் பல வருஷமாக வாய்ப்பே கிடைக்கவில்லை, கிடைத்தது. உனக்கும் இந்நேரம் போன் செய்திருப்பார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வேலை வேலை என்று அலைய விடாதே, பேத்திக்கு நல்ல ஷூவாக வாங்கிக் கொடு. ஃப்ளாட் புரோக்கரிடம் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடு, அம்மா மாடி ஏறிக் காட்டிவிட்டாள். நீங்கள் மூன்று பேரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரும் வந்து கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கால் வீக்கம் வடியும் வரை நான் கீழே சோபாவில் படுத்துக்கொள்கிறேன்.