கத்தரி வைத்த பட்டு

வியாழன் இரவு, திண்டிவனம்

மாதாவே, இந்த நேரத்தில் உம்மைத் தொந்தரவு செய்வதற்கு மன்னியும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

தையல் கடை போட்டபின் எனக்கு வந்த முதல் கல்யாண ஜாக்கெட் இது. புடவையோடு வந்த பட்டுத்துணி. கெட்டுப்போனால் வேறு கிடைக்காது. அந்தப் பயத்தில் இத்தனை நாளும் செய்தித்தாளில்தான் வெட்டி வெட்டிப் பார்த்தேன். இன்று பெண்ணின் அம்மா மயிலத்திலிருந்து வந்து நின்றார். தரையெல்லாம் பேப்பர் ஜாக்கெட்.

"என்னாம்மா, எம் பொண்ணு பேப்பரைப் போட்டுக்கினா மணவறையில குந்தப் போறா?" என்று சிரித்தார். பட்டு மடிப்புக் கலையாமல் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எடு அதை. விழுப்புரத்துல குடுத்துத் தைச்சிக்கிறேன்."

"இருங்கக்கா, இப்பவே வெட்டுறேன்" என்று அவர் எதிரிலேயே கத்தரியை வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தைத்தும் முடித்தேன்.

பக்கவாட்டில் பிரித்துவிடத் துணி விட்டிருக்கிறேன். கழுத்துக்கு என்ன செய்வேன்? கொஞ்சம் இறங்கிவிட்டதுபோல் இருக்கிறது. அளந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. காலையில் அந்தப் பெண் போட்டுப் பார்க்க வருகிறாள். சரியாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லும், மாதாவே. சீக்கிரம் சொல்லும்.