ஸ்டெல்லா எழுந்து வந்த படம்

மச்சான்,

இன்று காலை ஸ்டெல்லா விந்தாலு கறி வைப்பதற்காக வினிகர் பாட்டிலைத் திறந்தாள். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கறி நினைவுக்கு வரவில்லை. உன் குளியலறைதான் வந்தது. தரையில் வரிசையாகப் படம் கழுவும் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள், நடுத்தட்டில் தண்ணீர் கலந்த வினிகர், அதன் மேல் குனிந்தபடி நீ. ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒனக்கும் அதான் நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கறி வேகும் வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பேசியும் மீதி இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நமக்குள் ஆரம்பம் நன்றாக இல்லை. ஸ்டெல்லாவுக்கு இருந்த ஒரே அண்ணன் நீ. நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்; நான் வியாசர்பாடிக்காரன், கோயிலுக்குப் போகிறவன். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தபோது உன் அம்மாவும் வரவில்லை, நீயும் வரவில்லை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சில வருடம் கழித்து அம்மா இறந்த அன்று, ராயபுரம் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றபோது, அத்தனை பேர் முன்னாலும் நீ கேட்டாய்: "இப்ப மட்டும் இன்னாத்துக்கு வந்த?"

அவள் கல்லறையில் ஓரமாக நின்று மண் போட்டுவிட்டு, வீட்டுக்குள் கால் வைக்காமலே என்னோடு திருவொற்றியூர் திரும்பினாள். பஸ்ஸில் அழவும் இல்லை. அதன் பிறகு உன் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் நான் வெல்டராக இருந்தபோது இரும்புத் தகடு ஒன்று நழுவி என் கையில் விழுந்தது. கான்ட்ராக்டர் ஆள் என்னை அழைத்துப்போன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவனாக நீ நின்றாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்து, வலிக்காதபடி மெதுவாகத் தட்டின் மேல் திருப்பி வைத்தாய். ஃபிலிமைக் கழுவிக் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய்.

"தோ பாரு, மெல்லிசா ஒரு கோடு. சேந்துடும் மாப்ள."

மாப்ள என்று நீ என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தவறி வந்த வார்த்தையா, வேண்டுமென்றே சொன்னதா என்று நான் கடைசிவரை உன்னிடம் கேட்கவில்லை.

கட்டு பிரிக்கப் போன நாளில் கிளினிக் தலைகீழாகிக் கிடந்தது. கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது, ஃபிலிம் இனி வேண்டாம். நீ ஒரு மூலையில் அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

"தேதி முடிஞ்சிடுச்சி, தூக்கிப் போடுன்றாங்க. மனசு வரல" என்றாய். அப்புறம் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாய். எந்த ஊர்க்காரனோ, பெரிய பெட்டி போன்ற கேமராவில் இதே எக்ஸ்ரே ஃபிலிமைப் போட்டு மனிதர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "ஆள் மொகத்துல ஒவ்வொரு மயிரும் தெரியுது மாப்ள. இத்தினி வருஷம் உள்ள கீற எலும்பயே பாத்துகினு இருந்துட்டன். நீ பத்த வெக்கிறவன்தான, எனுக்கு ஒரு பொட்டி செஞ்சி குடேன்."

அன்று மாலையே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "போறதுன்னா போ. எனுக்கு இன்னா" என்றாள்.

நான் செய்த முதல் பெட்டி இரும்பு. நாம் இருவரும் சேர்ந்து தூக்கியும் அது தரையை விட்டு எழவில்லை. "இன்னா மாப்ள, இதையும் கப்பல்னு நெனச்சிட்டியா?" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இரண்டாவதை அலுமினியத்தில் செய்தேன். புளியந்தோப்பு காயலான் கடையில் ஒரு பழைய லென்ஸைத் தேடிப் பிடித்தாய். அதில் படம் பிடிக்கப் பொத்தான் எதுவும் கிடையாது. பவுடர் டப்பா மூடி ஒன்று அதன் வாய்க்குச் சரியாகப் பொருந்தியது. மூடியைத் திறந்தால் படம் விழ ஆரம்பிக்கும், மூடினால் நின்றுவிடும். பின்பக்கம், உருவம் தலைகீழாக வந்து விழ, உன் குளியலறை ஜன்னலிலிருந்து கழற்றிய பால் கண்ணாடி.

லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் துணிக்கூடுதான் நமக்குப் படியவில்லை. குடைத் துணியைப் பசை போட்டு ஒட்டினோம். வெயிலில் வாயைப் பிளந்தது. மூன்றாவது தடவையும் பிளந்தபோது அதை அப்படியே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டெல்லாவின் மெஷின் மேல் வைத்தேன். எதற்கு என்று கேட்டாளே தவிர, யாருக்கு என்று கேட்கவில்லை. இரண்டு நாள் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றுக்கும் மேலே கறுப்புத் துணி வைத்து ஒட்டினாள்.

அதை உன்னிடம் கொடுத்ததும் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தாய். "இது அவ தெச்சது" என்றாய். அறையை இருட்டாக்கி, கூட்டுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று இருவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

கழுவும் வேலைக்கு, ஜன்னலை அட்டையால் அடைத்த உன் குளியலறை. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால், கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்பைக் கழற்றி எடுத்து வருவாய். "கொஞ்ச நேரம் இருட்டுல இருப்பாரு, கோச்சிக்க மாட்டாரு" என்பாய். இரண்டு பக்கமும் மருந்து பூசிய ஃபிலிம், நகம் பட்டாலே கோடு விழும். ஞாயிறுதோறும் நீ சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நாம் இருவரும் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்போம்.

முதலில் வந்ததெல்லாம் புகையும் கீறலும்தான். பிறகு ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள் வந்தன. எண்ணூர் கழிமுகமும் தூரத்துப் புகைபோக்கியும் வந்தன. காசிமேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் முக்காலியை விரித்த அன்று ஒரு அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றது நினைவிருக்கிறதா? "இன்னா, சர்வேயா? எங்க வூட்ட இடிக்கப் போறீங்களா?" நீ கேமராவின் பின்னால் தொங்கும் கறுப்புப் போர்வையைத் தூக்கி, உள்ளே பார்க்கச் சொன்னாய். போர்வைக்குள்ளிருந்து அவள் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. "ஐயோ, என் வூடு தலகீயா தொங்குதுடீ!" அன்று படம் எடுக்கவே முடியவில்லை. சந்தில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று போர்வைக்குள் தலை விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நீ அந்தக் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு திருவொற்றியூரில் எங்கள் வாசலில் வந்து நின்றாய். நான் கூப்பிடவில்லை. வருவதாக நீயும் சொல்லவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தே பேசினாய்.

"வெளிச்சம் சோக்கா கீது. அவள வந்து ஒக்கார சொல்லு."

ஸ்டெல்லாவும் என்னிடமே சொன்னாள். "இன்னாத்துக்குன்னு கேளு."

"படம் எடுக்கன்னு சொல்லு."

இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகப் பேசினீர்கள். ஸ்டெல்லா முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, "வூட்டுப் பொடவையோட வர முடியாதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த நிமிடம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பச்சைப் புடவை கட்டி, தலை வாரி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ போர்வைக்குள் போனாய். கூர்மை பார்க்க இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். உள்ளே அசைவே இல்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருந்தது உனக்கு! அங்கே கண்ணாடியில் நீ எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. "உள்ள ஒரே புயுக்கம்" என்றாய்.

ஃபிலிமைச் செருகினாய். "ஆடக் கூடாதுன்னு சொல்லு."

"கேட்டுச்சி" என்றாள் அவள். உனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

நீ நேரம் பார்க்கக் கடிகாரம் வைத்துக்கொள்வதில்லை. மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தில் பாதிதான் உன் கணக்கு. மூடியை எடுத்துவிட்டு உதட்டுக்குள் ஆரம்பித்தாய். நானும் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் உன் குரல் நின்றுவிட்டது. மூடி உன் கையிலேயே இருந்தது, லென்ஸ் திறந்தே இருந்தது.

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். "கயுத்தெலும்பு தெரியுது. வேளைக்கு சாப்புட்றியா இல்லியா?"

"அன்னிக்கி அம்மா சாவுல நான் கேட்டது தப்பு ஸ்டெல்லா" என்றாய். "அத்த வாயில இருந்து திருப்பி எடுக்க முடியல."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து உன்னிடம் வந்தாள். உன் தோளிலிருந்த போர்வையை எடுத்து மடித்தாள். "தெரியும். உள்ள வா. மீன் கொயம்பு கீது" என்றாள். நீங்கள் இருவரும் உள்ளே போன பிறகு நான்தான் லென்ஸை மூடினேன்.

சாயங்காலம் மூவருமாக ராயபுரம் போனோம். அம்மா வீட்டு வாசற்படியை அவள் தாண்டினாள். கூடத்துப் பல்பை அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். குளியலறைக்குள் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். தட்டில் ஃபிலிம் கறுக்க ஆரம்பித்தது. நாற்காலி அச்சு அசலாக வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். அங்கிருந்து புகை போல ஓர் உருவம் நாற்காலியை விட்டுக் கேமராவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சி. நாளிக்கி வேற எடுக்கலாம்" என்றாய்.

"இன்னாத்துக்கு? நான் எயுந்து வந்தது தெரியுதுல்ல, இதுவே இருக்கட்டும்" என்றாள் ஸ்டெல்லா.

பிறகு அவளை நீ எத்தனையோ படம் எடுத்தாய். எல்லாவற்றிலும் முகம் தெளிவாக இருக்கிறது, புருவத்துத் தழும்புகூடத் தெரிகிறது. ஆனால் கூடத்துச் சுவரில் அவள் மாட்டச் சொன்னது முகமே இல்லாத அந்தப் படத்தைத்தான். வருகிறவர்கள் யார் இது என்று கேட்பார்கள். "நான்தான்" என்பாள் பெருமையாக.

அதற்கப்புறம் நமக்குக் கிடைத்த வருடங்கள் நல்ல வருடங்கள், மச்சான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மூன்று பேருக்கு என்று ஆனது. மருந்து கலக்குவதில் அவள் நம் இருவரையும் மிஞ்சினாள். உனக்கு நெஞ்சு நோய் வந்து மாடி ஏற முடியாமல் போனபோது உன் கட்டில் கூடத்துக்கு வந்தது. நாங்களும் ராயபுரத்துக்கே வந்துவிட்டோம். கடைசி வாரங்களில் ஸ்டெல்லா கஞ்சி ஊட்டுவாள், நீ உப்பு இல்லை என்று முறைப்பாய், "வாய மூடிகினு குடி" என்று அவள் அதட்டுவாள். சண்டை போட இருவருக்கும் இன்னும் ஆசை தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அவள் கையைப் பிடித்தபடியே நீ போனாய்.

படம் எடுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. தெருக்காரர்கள் வந்து கேட்கிறார்கள். நான் போர்வைக்குள் போகிறேன், ஸ்டெல்லா மூடியைத் திறக்கிறாள். போன ஞாயிறு பக்கத்துச் சந்துத் தம்பதி வந்திருந்தார்கள். மகள் வேலைக்கு வெளியூர் போகிறாளாம், கொண்டுபோக ஒரு படம் வேண்டுமாம். வந்த வழியிலேயே ஏதோ தகராறு போலிருக்கிறது. அந்த அம்மா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். நீ யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. கிளினிக்கில் ஆயுசு முழுக்க எல்லாரையும் மூச்சை அடக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்தவன் நீ. கேமராவுக்குப் பின்னால் வந்ததும் அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வாய். அது என்னையறியாமல் என் வாயில் வந்தது.

"மூச்ச வுடும்மா. அவ்ளோதான். ஒண்ணும் பண்ண வேணாம்."

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. அந்த மனிதர் திரும்பி அவளைப் பார்த்தார். ஸ்டெல்லா மூடியை எடுத்தாள்.

உன் கேமரா கனமாகத்தான் இருக்கிறது மச்சான். எனக்கும் வயதாகிறது. இருந்தாலும் ஒரு மனிதரின் தோள் அப்படி இறங்குவதை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று, ஞாயிறு வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.