அப்பாவின் குரலுக்கு வருமான வரி

ஜூன் 9, 2025, திங்கள்

கல்லூரியில் வைவா. ஓம் விதியைச் சொல்லச் சொன்னால் பையன் ஓம் நமசிவாய என்கிற மாதிரி விழிக்கிறான். அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். "நிருபமா, பாங்க்லேர்ந்து மெசேஜ். அப்பாவுக்குப் பணம் வந்திருக்கு. நாலு லட்சத்துக்கு மேல."

அப்பா ஜனவரியில் போய்விட்டார். இப்போது யார் அவருக்குப் பணம் போடுகிறார்கள்?

மாலை பார்த்தால் லிஃப்ட் கம்பெனி. விதான சௌதா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பா குரல் கொடுத்தாரே, அவர்கள்தான். 'பாகிலு முச்சுத்திதெ', 'எரடனே மஹடி', கதவு மூடுகிறது, இரண்டாவது மாடி, எல்லாம் அப்பாதான். ஒரு லிஃப்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ராயல்டி. ஐந்து வருஷம் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். டிசம்பரில்தான் கணக்கைத் தீர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பணம் வருவதற்குள் அப்பா அவசரப்பட்டுவிட்டார்.

ஜூன் 11

சுஹாஸ் வந்தான். என் தம்பி, சாஃப்ட்வேர், எதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு என்று நம்புகிறவன். "அக்கா, சிம்பிள். எல்லாத்தையும் அம்மா வருமானம்னு காட்டிடலாம். அம்மாவுக்கு வேற இன்கமே கிடையாது. ஜீரோ டாக்ஸ்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. அம்மாவிடமிருந்து காபி மட்டும் தண்ணியாக வந்தது.

ஜூன் 14, சனி

சுஹாஸ் அப்பாவின் பெயரில் வரி இணையதளத்துக்குள் நுழையப் பார்த்தான். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது. போன் அம்மாவிடம். அம்மா அதை இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது.

"அம்மா, நம்பர் சொல்லு!"

"இரு, கண்ணாடி எங்க... ஏழு. ஏழுதானே? ஒண்ணு மாதிரியும் இருக்கு."

அவள் ஆறாவது எண்ணுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை அவள் போனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, "அவர் போனை நீங்க ஏன் நோண்டறேள்?" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 21, சனி

பிரேசர் டவுனில் ஆடிட்டர் ரெமிஜியஸ். என் சக ஆசிரியை சொல்லி அனுப்பினாள். மேஜை மேல் சர்ச் காலண்டர், பக்கத்தில் பாதி கடித்த பப்ஸ். சுஹாஸ் லாகின் கதையைச் சொன்னதும் மனிதர் பப்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், எறந்தவர் மாதிரி லாகின் பண்ணக் கூடாது சார். அவர் வந்து பண்ணார்னு ஆயிடும்ல?"

பிறகு விளக்கினார். "மேடம், டெத் வரைக்கும் அவரு. டெத்துக்கு அப்புறம் நீங்க. அவ்ளோதான் சட்டம்."

அதாவது, டிசம்பரில் கணக்கு முடிவான பாக்கி அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் சேர வேண்டியது ஆகிவிட்டது. பணம் பிறகு வந்தாலும் அது அவர் வருமானம். அவர் பெயரில், அவர் பான் எண்ணில், வாரிசு ஒருவர் ரிட்டர்ன் போட வேண்டும். வரி இருந்தால் அவர் விட்டுப்போனதிலிருந்து கட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு லிஃப்டுகள் பேசுகிற பேச்சுக்கு வருகிற ராயல்டி மட்டும் எங்கள் வருமானம். அம்மா, நான், சுஹாஸ், மூன்று பங்கு.

"எனக்கு வேண்டாம்," என்றான் சுஹாஸ் உடனே. "நான் முப்பது பர்சென்ட் ஸ்லாப்."

"எனக்கும் வேண்டாம். நான் ரிட்டர்ன் ஃபார்மையே மாத்தணும்," என்றேன்.

ரெமிஜியஸ் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இருவத்தெட்டு வருசமா பிராக்டீஸ் பண்றேன். சொத்து வேணும்னு அடிச்சிக்கிட்டவங்களதான் பாத்திருக்கேன்."

ஜூன் 22

அம்மாவிடம் சொன்னேன். இணையதளத்தில் 'இறந்தவர்' என்று தேர்ந்தெடுத்து அவள் வாரிசாகப் பதிய வேண்டும்.

"நான் மாட்டேன்."

"ஏம்மா?"

"சுடுகாட்டுல ஒரு தடவை எழுதியாச்சு, பாங்க்ல ஒரு தடவை எழுதியாச்சு. எத்தனை தடவைடி அவர் போகணும்?"

பிசிக்ஸ் வாத்தியாருக்கு இதற்கு ஃபார்முலா கிடையாது.

ஜூலை 2

பெயர் வில்லங்கம். பான் கார்டில் அப்பா 'சந்தானம் பத்ரிநாத்', தாத்தா பெயர் முன்னால். ஆதாரில் 'பத்ரிநாத் எஸ்'. இறப்புச் சான்றிதழில் 'எஸ். பத்ரிநாதன்'. 'ன்' எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிக் கொடுத்தது சுஹாஸ்.

"துக்கத்துல ஒரு 'ன்' ஜாஸ்தி வந்துடுத்துக்கா."

மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம். நோட்டரி கன்னடத்தில் கேட்டார், "மூவரூ தீர்ஹோகிதாரா?" மூன்று பேருமே போய்விட்டார்களா என்று. சுஹாஸ் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டான். நான்தான் இழுத்துப் பிடித்துத் திருத்தினேன்.

வம்சவ்ருக்ஷச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்தாயிற்று. வாரிசு யார் யார் என்று காட்டும் குடும்ப மரம். அதில் மரத்தின் உச்சியில் எந்தப் பெயரைப் போடுவது என்று இன்னொரு அரை நாள்.

ஜூலை 12, சனி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

அம்மா தினம் பதினோரு மணிக்குக் 'கோயிலுக்கு' போகிறாள். பிரசாதம் என்று ஒன்றும் வருவதில்லை. இன்று சம்பிகே ரோட்டில் மருந்து வாங்கப் போன நான், கண் ஆஸ்பத்திரி இருக்கிற கட்டடத்துக்குள் அம்மா நுழைவதைப் பார்த்தேன். கண்ணில் ஏதாவதா? என்னிடம் சொல்லாமலா? பின்னாலேயே ஓடினேன்.

லிஃப்ட் வாசலில் காவலாளி நாகேஷ். "அம்மா தினா பர்த்தாரெ மேடம்," தினமும் வருகிறார் என்றான். "டாக்டர்கிட்ட போகல. மேல போறாங்க, கீழ வராங்க. மேல போறாங்க, கீழ வராங்க. கால் வலிக்குமேன்னு ஸ்டூல் போட்டுக் குடுத்தேன்."

லிஃப்ட் கீழே வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஸ்டூலில் அம்மா, மடியில் கைப்பை, கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட நாலு பேருக்கு நடுவில்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. "வா, ஏறு," என்றாள், வீட்டுக்கு வந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. ஏறினேன். 'பாகிலு முச்சுத்திதெ.'

அப்பா.

ஆறு மாதமாகக் கேட்கவில்லை. அம்மா சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "அந்த 'மஹடி'ல 'ஹ' எப்படி விழறது பாத்தியா? கன்னடக்காராளே 'மாடி'ன்னு முழுங்கிடறா." கண்ணில் பஞ்சு வைத்த பெரியவர் ஒருவர், "ஹௌதம்மா," ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

மூன்று தடவை போய்வந்தோம். பேச வேண்டியதை அவரே பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 13

சுஹாஸிடம் சொன்னேன். "எந்த பில்டிங்?" என்றான்.

ஜூலை 19, சனி

அம்மாவையே ரெமிஜியஸிடம் கூட்டிப்போனோம். சுஹாஸ் தன் பழைய யோசனையை விடவில்லை. "அம்மா, உனக்குப் பதிய இஷ்டமில்லைன்னா வேண்டாம். மொத்தத்தையும் உன் வருமானம்னு போட்டுடலாம். அப்பா விஷயத்தையே எடுக்க வேண்டாம்."

"அது தப்பு சார்," என்றார் ரெமிஜியஸ். "கம்பெனி புடிச்ச வரி அவர் பான்ல இருக்கு. நோட்டீஸ் வரும்."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், என் பேர்ல போட்டா, அது அவர் சம்பாதிச்சதுன்னு எங்கயாவது இருக்குமா?"

"இருக்காதும்மா. நீங்க சம்பாதிச்சதா ஆயிடும்."

"நானா? எனக்கு 'தயவிட்டு'ன்னு, நம்ம 'தயவுசெய்து', அதைக்கூடக் கன்னடத்துல ஒழுங்கா சொல்ல வராது."

"அவர் சம்பாத்தியம்னு இருக்கணும்னா, அவர் போயிட்டார்னு நீங்க பதியணும். வேற வழி இல்லம்மா."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ பேரீச்சம்பழ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. எதற்கு இந்த வயதில் இவளுக்கு இது? நாலு காசு வரிக்காகவா?

"அஞ்சு வருஷம் அந்தக் கம்பெனிக்காரனோட மல்லுக்கு நின்னார்," என்றாள் கடைசியில். "அதை நான் என் பேர்ல எழுதிக்கறதா? குடுங்கோ, எங்க அமுக்கணும்?"

ரெமிஜியஸ் மவுஸை நகர்த்திக் கொடுத்தார். 'இறந்தவர்' என்ற இடத்தில் அம்மாவே அழுத்தினாள். ஓடிபி அவள் போனுக்கு வந்தது. கண்ணாடி இல்லாமலே ஒரே மூச்சில் ஆறு எண்ணையும் சொன்னாள்.

சுஹாஸ் வெளியே போய் நின்றுகொண்டான். கண்ணில் ஏதோ ஒவ்வாமை என்றான். எதற்கு ஒவ்வாமை?

ஆகஸ்ட் 6

வாரிசுப் பதிவு ஏற்கப்பட்டது. அம்மா மெயிலை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 23, சனி

அப்பாவின் ரிட்டர்ன் போட்டாயிற்று. பென்ஷன், ராயல்டி எல்லாம் சேர்ந்ததில், கம்பெனி பிடித்த வரி போக இன்னும் பதினோராயிரம் சொச்சம் கட்ட வேண்டி வந்தது. சுஹாஸ் தலையில் கை வைத்தான். அம்மா சந்தோஷமாகக் கட்டினாள். "இவ்வளவு சம்பாதிச்சிருக்கார்! என்கிட்ட சொல்லவே இல்ல பாரு."

புதிய ராயல்டியை மூன்றாகப் பிரித்தோம். சுஹாஸ் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டான். முப்பது பர்சென்ட் பற்றிப் பேச்சே இல்லை.

செப்டம்பர் 20, சனி

வியாழக்கிழமை லிஃப்ட் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஏப்ரல் முதல் எல்லா லிஃப்டிலும் கம்ப்யூட்டர் குரல். ஒப்பந்தம் அத்தோடு முடிகிறது.

இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று சொன்னேன்.

"கம்ப்யூட்டர் போயிட்டா அதுக்கு யார் ரிட்டர்ன் போடுவா?"

"அது போகாதும்மா."

"பாவம்," என்றாள்.

அக்டோபர் 11, சனி

பதினோரு மணிக்கு அம்மா கைப்பையோடு கிளம்பினாள். சம்பிகே ரோடுதான் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தாள், முகமெல்லாம் வெயில்.

ஒக்கலிபுரம் போயிருக்கிறாள். கண் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் எல்லம்மாவின் கணவர் ஆறு வாரம் முன்பு தவறிவிட்டாராம். கார்மென்ட்ஸ் ஆலையில் வேலை. சம்பளப் பாக்கியும் பி.எஃப்-பும் வர வேண்டுமாம். எல்லம்மா காகிதத்தில் கை வைக்கவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. அவ அழுது முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். சாப்பாடு போட்டா. அப்புறம் ரெண்டு பேருமா எழுதினோம்." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "திங்கக்கிழமை அவளோட ஆலைக்குப் போறேன். காலம்பற சீக்கிரம் சாதம் வெச்சுடுடி."