எருமைப் புண்ணும் அம்மைப்பாலும்

1946 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால். துறைமுகச் சாவடியில் அம்மை குத்திக்கொள்ள வரிசையில் நின்றவர்கள் முப்பத்தொரு பேர். கடைசியில் நின்றவள் உன் தங்கை. புஜத்தைக் காட்டு என்றேன், விரல்களைக் காட்டினாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊதா நிறத்தில் கட்டி, நடுவில் பொருக்கு.

"அண்ணே, எங்க அண்ணனுக்கு வந்த அதே புண்ணுதான். எனக்குக் குத்தணுமா வேண்டாமா? அவன் வேண்டாம்னுதான சொன்னான்?"

எருமைப் பாலை வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றிவிட்டு மத்தியானம் வா என்று அவளை அனுப்பிவிட்டேன். செத்தவனுக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

சங்கு குளிக்கிற உங்கள் ஆட்கள் அம்மை குத்துகிற என்னைக் கண்டாலே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். குத்தினால் புஜம் வீங்கும், உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், பத்து நாள் கடலில் இறங்க முடியாது. சின்ன வயதிலும் அம்மை குத்த வந்தவர்கள் கண்ணில் படாமல் உன்னை உன் அம்மா ஒளித்து வைத்திருந்தாள். உன் புஜத்தில் தழும்பே கிடையாது. நீ மட்டும் ஓடவில்லை. வீட்டு எருமையைக் கறந்து புண் வந்த விரலை டீக்கடையில் என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"ஏலே, மாட்டுப் புண்ணு வந்தவனுக்கு அம்மை வராதுன்னு நீதானலே சொன்ன? இந்தா பாரு, எனக்கு எருமையே குத்திட்டு!"

கடைக்கார அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "அப்ப உம்ம சம்பளத்தை அந்த எருமைக்குக் குடுக்கச் சொல்லும்வே."

"நான் சொன்னது பசு," என்றேன்.

"எல்லாம் நாலு காலுதான், போலே."

இப்போதும் எரிச்சல் வருகிறது. இந்த வைரஸ்கள் ஒரு குடும்பம். ஒன்று பசுவுக்கு, ஒன்று எருமைக்கு, ஒன்று மனிதனைக் கொல்ல. பசுவின் அம்மை மனிதனைக் காக்கும் என்று கண்டார்கள். அந்த வழியில்தான் கன்றின் தோலில் வளர்த்து, கிளிசரினில் குழைத்து, ஐஸில் வைத்து எனக்கு அம்மைப்பால் அனுப்புகிறார்கள். ஆனால் காம்பில் வருகிற புண்ணெல்லாம் ஒரே புண் அல்ல. சிலது பார்க்கத்தான் சொந்தம் மாதிரி இருக்கும், காப்பாற்ற வராது. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அன்று உன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தெரியவில்லை. "எதற்கும் குத்திக்கொள்" என்றேன். "சங்கு சீசன் முடியட்டும்" என்றாய்.

தை மாதம் உனக்கு அம்மை போட்டது. ஊருக்கு வெளியே தனிக் கொட்டகை. தொண்டைக்குள்ளேயும் கொப்புளம், உனக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த விரலைத் தூக்கினாய். என்ன கேட்டாய்? இது ஏன் காப்பாற்றவில்லை என்றா? பொறு, இது காப்பாற்றும் என்றா? எத்தனை முறை யோசித்தும் பிடிபடவில்லை.

பிடிபடாதது இன்னொன்றும் இருக்கிறது. கொட்டகைக்குக் கொண்டுபோகும் வரை வீட்டில் உனக்குக் கஞ்சி ஊற்றியவள் உன் தங்கை. அவளும் அம்மை குத்திக்கொண்டதில்லை. அதே எருமை, அதே புண், அவளுக்கும் அப்போதே வர ஆரம்பித்துவிட்டதாம். அவளுக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. புண் அவளைக் காத்தது என்றால் உன்னை ஏன் காக்கவில்லை? காக்கவில்லை என்றால் அவள் எப்படித் தப்பினாள்? படித்ததெல்லாம் ஒரு முறை தலைகீழாக நிற்கிறது, மறுமுறை நேராக நிற்கிறது.

பக்கத்துத் தெருவில் நேற்று இரண்டு வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். பெட்டியில் ஐஸ் கரைகிறது. யோசித்தது போதும். செய்யப்போவது:

1. மத்தியானம் அவள் வந்ததும் அம்மைப்பால் வைப்பது. புண் எதுவானாலும் சரி.

2. எருமைக் காம்பின் பொருக்கை எடுத்துக் குழாயில் அடைத்துச் சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்புவது. பதில் வராது, இருந்தாலும் அனுப்புவது.

3. எட்டாம் நாள் அவள் புஜத்தைப் பார்ப்பது. கொப்புளம் எழும்பாவிட்டால், அவளுக்குக் காப்பு முன்பே இருந்ததா, வழியில் மருந்து செத்துவிட்டதா, தெரியாது. மறுபடி வைப்பது.

4. எழும்பினால், மருந்து பிடித்துவிட்டது, எருமைப் புண் யாரையும் காக்கவில்லை, இனி அவளுக்குப் பயமில்லை என்று அர்த்தம். அவள் சந்தோஷப்பட வேண்டிய அந்த நாளில், "அப்ப அந்தப் புண்ண நம்பி எங்க அண்ணன் சும்மாவா செத்தான்?" என்று கேட்பாள். அதற்குள் ஒரு பதில் யோசிப்பது.