மூன்று நாள் சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்துக் கட்டில்காரி எழுதுவது. மூச்சுத் திணறல் குறைந்ததா? ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து பார்க்க முடியவில்லை, கொரோனா ஊரடங்கு என்று விடுதிக் கதவைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். போனில் கேட்கலாம் என்றால் எனக்குத்தான் யாரிடமும் பேச வாய் வராதே. உன் மாற்றுத்துணியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். நீ கண் திறந்தால் நர்ஸ் படித்துக் காட்டுவாராம்.

இங்கே கம்பெனியில் முப்பது தையல் மிஷினில் பதினொன்றுதான் ஓடுகிறது. முகக்கவசத்துக்கு நாடா தைத்துத் தைத்து விரல் மரத்துவிட்டது. உன் மிஷினை உறை போட்டு மூடிவிட்டார்கள். மதியம் நம்மை ஆடிப் பாட வைக்கும் உற்சாக நேரம் மட்டும் நிற்கவில்லை. நேற்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடச் சொன்னார்கள். துணி வெட்டும் கட்டிங் அண்ணன், இதற்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். இன்று எப்படி இருக்கிறாய் என்று கம்பெனி கேட்பதற்குத் தினமும் காலையில் போனில் சிரித்த முகமோ அழுத முகமோ தொட வேண்டுமே. காய்ச்சல் கண்ட அன்று, கை நடுங்குகிறது என்று உன் போனை என்னிடம் கொடுத்தாய். அழுத முகத்தைத் தொடுடி, அப்போதுதான் டாக்டரை அனுப்புவார்கள் என்றாய். நான் சிரித்த முகத்தைத் தொட்டேன். மூன்று நாளும்.

அழுத முகம் போட்டால் உற்சாக நேரம் நடத்தும் மேடம் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி விசாரிப்பார். உனக்குப் பதில் நான் பேச வேண்டியிருக்கும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்கே பயந்து எட்டாவதோடு நின்றவள் நான். நாளைக்குக் காய்ச்சல் விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நீ வரவில்லையே என்று கேட்ட சூப்பர்வைசரும் தன் போனில் உன் பெயருக்கு நேரே சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறாள், வேலையும் இல்லை, தூங்கட்டும் என்றார். டாக்டர் இன்னும் வரவில்லையா என்று நீ கேட்டாய். வருவார் என்றேன். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று சொல்லி நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

நான்காம் நாள் உன் உதடு நீலமான பிறகுதான் வார்டன் அம்மாவின் கதவைத் தட்டினேன். அப்போதும் பேச்சு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை 'இந்த வாரத்தின் மலர்ந்த முகம்' என்று உன் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஒருநாளும் அழுத முகம் போடாதவள் நீ மட்டும்தானாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அக்கா.

நேற்று உன் அம்மா விடுதிக்குப் போன் போட்டார்கள். முதல் நாளே சொல்லாமல் ஏன் மறைத்தாள் என்று அழுதார்களாம். உங்கள் பெண்ணுக்கு நெஞ்சழுத்தம் என்றார் வார்டன் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். போனை வாங்கிப் பேசியிருக்கலாம். வாங்கவில்லை.

நாளைக்கும் கூப்பிடுவார்கள். போனை வாங்கி நடந்ததைச் சொல்லிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். நீயே எழுந்து வந்து சொல், அக்கா. எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு, முடியைப் பிடித்து அடி. வாங்கிக்கொள்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஒன்றும் ஆகக் கூடாது.

இப்படிக்கு,
உன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாதவள்