மலர் யாருடைய பாஸ்போர்ட்டில்

14 செப்டம்பர் 1967, வியாழன்

கைக்குழந்தை மலரையும் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் பயண ஏஜெண்டைப் பார்க்கப் போனோம். புருணை வேலைக்கு மலரின் அப்பாவுக்கு விசா வந்துவிட்டது. அவர் மலேசியர், நான் சிங்கப்பூர்க்காரி. எனக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம்.

"பிள்ளைய சார் பாஸ்போர்ட்லயே சேத்துடலாம். ரெண்டு பேரும் முதல்ல போயிடலாம்லா," என்றார் ஏஜெண்ட்.

"அப்பன் பேர்லதானே பிள்ளை இருக்கணும்? அங்க எங்க அக்கா இருக்காங்க, பாத்துக்குவாங்க," என்றார் இவர்.

மலர் இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவர் பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டால் அவர் இல்லாமல் அவளை எங்கும் அழைத்துப்போக முடியாது. எனக்கு விசாவே கிடைக்காமல் போனால்?

ஏஜெண்ட் சிரித்தார். "மேடம் பட்டம் வாங்கினவங்களாச்சே, வாயே திறக்க மாட்டேங்கிறாங்க!"

"என்னோடதுல சேத்துடுங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

பேருந்தில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "அப்ப நான் மட்டும் போகணும், அப்படித்தானே?" என்று கேட்டார். நான் மலரைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தன் சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்கினார். ஒன்றுகூட ஒழுங்காக மடிபடவில்லை. நான் எழுந்து போய் மடித்துக் கொடுக்கவில்லை.